காற்றுக்குக் காத்திருந்த நான்கு மாதங்கள்

சாந்தோமில் பிறந்து வளர்ந்தவள் நான். ரோசரி சர்ச் சாலைக்குப் பக்கத்துச் சந்தில், இரவில் வண்டிச் சத்தம் அடங்கிய பிறகு கடலின் இரைச்சல் கேட்கிற வீடு. அப்பாவுக்கு இதே ஊர். அம்மா மணப்பாட்டிலிருந்து வாழ்க்கைப்பட்டு வந்தவள். எங்கள் வீட்டில் தோமையார் அப்பாவின் புனிதர், சவேரியார் அம்மாவின் புனிதர். அம்மா சவேரியாரைப் பற்றிப் பேசினால் ஊரில் இருக்கிற பெரியப்பாவைப் பற்றிப் பேசுவதுபோல் இருக்கும். "ஏட்டி, அவரு கையில ஒரு மணிய வச்சிக்கிட்டுத் தெருத் தெருவா அடிச்சிட்டு வருவாராம். சத்தங் கேட்டதும் பிள்ளையளு எல்லாம் ஓடி வருமாம்" என்பாள். அவள் நேரில் பார்த்ததாகவே பல நாள் நம்பிக்கொண்டிருந்தேன். மணப்பாட்டுக் கடலோரம் சவேரியார் தங்கிய குகை இருக்கிறது. அதற்குள் போய் வந்த பிள்ளைக்கு நானூறு ஆண்டு என்பது பெரிய தூரமாகத் தெரிவதில்லை.

பிற்பாடு வரலாற்று ஆசிரியையாக முப்பது ஆண்டு வேலை பார்த்தேன். அம்மா சொன்ன மணிக்கதை சவேரியாரே எழுதிய கடிதத்தில் இருக்கிறது என்று அப்போதுதான் தெரிந்துகொண்டேன். தமிழ் தெரிந்தவர்களைக் கூட்டிவைத்துச் செபங்களைத் தமிழாக்கி, மனப்பாடம் செய்து, கையில் மணியோடு ஊரைச் சுற்றிப் பிள்ளைகளைக் கூட்டியதை 1544 ஜனவரி 15 அன்று கொச்சியிலிருந்து ஐரோப்பாவிலுள்ள நண்பர்களுக்கு அவர் எழுதினார். இன்னொரு செய்தியும் தெரிந்தது. அம்மாவின் புனிதர் எங்கள் அப்பாவின் ஊருக்கும் வந்திருக்கிறார். வந்து போனது மட்டுமல்ல, ஏறத்தாழ நான்கு மாதம் இங்கே தங்கியிருக்கிறார். கோவா, தூத்துக்குடி, கோட்டாறு, மலாக்கா என்று சவேரியாரின் பெயரோடு ஒட்டிய ஊர்களுக்கு நடுவே மயிலாப்பூரை யாரும் அவ்வளவாகச் சொல்வதில்லை. அந்த நான்கு மாதத்தைப் பற்றித்தான் எழுத நினைக்கிறேன். அதில் ஒரு வியாபாரியின் கதை இருக்கிறது. ஒரு புனிதரைப் போல வாழ ஆசைப்படுகிற எவருக்கும் அந்த வியாபாரியைத் தெரிந்திருக்க வேண்டும்.

முதலில் அவர் இங்கே வந்த நிலைமை. 1542 மே 6 அன்று கோவாவில் இறங்கிய இயேசு சபைக் குரு பிரான்சிஸ் சவேரியார், அதே ஆண்டு முத்துக்குளித்துறைக்கு வந்து பரதவர் ஊர்களில் உழைத்தார். 1545இல் அவர் நாகப்பட்டினத்தில் இருந்தபோது மனம் நிறையக் கசப்பு. முந்தைய ஆண்டு மன்னாரில் புதிதாக ஞானஸ்நானம் பெற்ற சுமார் 600 பேரை யாழ்ப்பாணத்துச் சங்கிலி மன்னன் கொல்லச் செய்திருந்தான். அவன்மேல் போர்த்துக்கீசியர் படையெடுக்க வேண்டும் என்று சவேரியார் கேட்டார். அந்த நேரத்தில் பர்மாவின் பெகுவிலிருந்து வந்த போர்த்துக்கீசியக் கப்பல் ஒன்று யாழ்ப்பாணக் கரையில் தட்டிப்போக, சரக்கெல்லாம் மன்னன் வசமானது. சரக்கைத் திரும்பப் பெறுவது படையெடுப்பைவிட முக்கியமாகிவிட்டது. படையெடுப்பு நின்றது.

அது நின்றது நல்லது என்பது என் எண்ணம். ஈழத்துத் தமிழர் பலர் சங்கிலியைத் தங்கள் மண்ணைக் காத்த மன்னனாக நினைக்கிறார்கள். அவர்கள் பக்கத்து நியாயத்தையும் கேட்காமல் இந்தக் கதையைச் சொல்லக்கூடாது. புனிதர் என்பதால் அவர் கேட்டதெல்லாம் சரியாகிவிடாது. 1546 மே 16 அன்று அம்போன் தீவிலிருந்து போர்த்துக்கல் மன்னருக்கு எழுதிய கடிதத்தில், கோவாவுக்குச் சமய விசாரணை மன்றம் வேண்டும் என்றும் அவர் கேட்டார். மன்றம் அவர் இறந்து எட்டாண்டு கழித்து, 1560இல் வந்தது. அதனால் எத்தனை பேர் எவ்வளவு அல்லற்பட்டார்கள் என்பது கோவா வரலாறு படித்தவர்களுக்குத் தெரியும். வகுப்பில் இதை நான் மறைத்ததில்லை. அவர்மேல் உள்ள அன்பும் அதனால் குறைந்ததில்லை. பின்பற்ற வேண்டியது எது, பின்பற்றக்கூடாதது எது என்று பார்க்கத் தெரியாதவர்களுக்கு எந்தப் புனிதராலும் பயனில்லை.

நாகப்பட்டினத்தில் அவர் கப்பலேறினார். எதிர்க்காற்று கப்பலைத் திருப்பிவிட்டது. பிறகு கரையோரமாக நடந்தே மயிலாப்பூர் வந்தார். ஏப்ரல் 7 அன்று நாகையிலிருந்து தம் உடனுழைப்பாளர் மன்சிலாசுக்கு ஒரு கடிதம், மே 8 அன்று இங்கிருந்து கோவா நண்பர்களுக்கு ஒரு கடிதம். இந்த ஒரு மாத இடைவெளியில்தான் வந்து சேர்ந்திருக்கிறார். ஏப்ரல் 7 அவருடைய பிறந்தநாள். 39 வயது முடிந்த கையோடு, அடுத்து என்ன செய்வது என்று தெரியாமல் எங்கள் ஊருக்கு நடந்து வந்த மனிதரைத்தான் நான் நினைத்துப் பார்க்கிறேன்.

அவர் வந்தது ஒரு கல்லறையைத் தேடி. இயேசுவின் சீடர் தோமையார் கி.பி. 52இல் மேற்குக் கரையில் இறங்கி, 72இல் மயிலாப்பூரில் உயிர்விட்டார் என்பது வழிவழி நம்பிக்கை. அவர் இங்கே வந்தாரா என்பதில் வரலாற்றாசிரியர்கள் ஒரே முடிவில் இல்லை. ஆனால் போர்த்துக்கீசியர் வருவதற்கு நெடுங்காலம் முன்பே இந்தக் கல்லறையை மக்கள் தேடி வந்தார்கள் என்பதில் சந்தேகம் இல்லை. 13ஆம் நூற்றாண்டின் இறுதியில் மார்கோ போலோ இதைப் பற்றி எழுதியிருக்கிறார். கிறிஸ்தவர்களும் முஸ்லிம்களும் வந்து அங்குள்ள செம்மண்ணை எடுத்துப்போய், காய்ச்சல் கண்டவர்களுக்குத் தண்ணீரில் கரைத்துக் கொடுத்ததாகச் சொல்கிறார். 1523இல் போர்த்துக்கீசியர் கல்லறையைத் தோண்டிப் பார்த்தார்கள், அதன்மேல் இருந்த கோயிலைப் புதுப்பித்தார்கள். இந்தக் கரையின் கதையில் இன்னொரு கோயிலும் உண்டு. கபாலீசுவரர் கோயில் பழங்காலத்தில் கடலோரத்தில் இருந்தது. போர்த்துக்கீசியர் காலத்தில் அது அழிந்ததாகச் சொல்கிறார்கள். இன்று குளத்தங்கரையில் நாம் கும்பிடும் கோயில் அதற்குப் பின் எழுந்தது. சாந்தோமில் கிடைத்த சோழர் காலக் கல்வெட்டுத் துண்டுகளும் உண்டு. போர்த்துக்கீசியர் காலத்தை எழுதுகிற கிறிஸ்தவர் எவரும் இதைச் சொல்லாமல் தாண்டிப் போவது தவறு.

சவேரியார் பார்த்த கோயில் இப்போது இல்லை. 1893இல் அதை இடித்துவிட்டு எழுப்பத் தொடங்கியதுதான் இன்று சாந்தோம் நெடுஞ்சாலையிலிருந்து தெரியும் வெள்ளைக் கோபுரப் பேராலயம். 1896இல் அது அர்ச்சிக்கப்பட்டது. மாறாதது கல்லறை இருக்கும் இடம் மட்டுமே. இப்போது பின்பக்கமாகப் படியிறங்கிப் போனால் சிறு ஆலயம் இருக்கிறது. சத்தம் போடக் கூடாது என்று யாரும் சொல்லத் தேவையில்லை, உள்ளே போனதும் எல்லாரும் தாமாகவே மெதுவாகப் பேசுகிறார்கள்.

கோயிலை அடுத்திருந்த பங்குக்குரு கஸ்பார் கொயெல்லோவின் வீட்டில்தான் சவேரியார் தங்கினார். இரவில் எழுந்து தோட்டத்தைக் கடந்து கோயிலுக்குப் போய்ச் செபிப்பார். அங்கே இரவில் பேய் நடமாட்டம் உண்டு, போக வேண்டாம் என்று கொயெல்லோ தடுத்தார். சவேரியார் சிரித்துவிட்டுப் போனார். ஒரு இரவு அடி விழும் ஓசையும், மாதாவை உதவிக்கு அழைக்கும் குரலும் கேட்டதாம். அடுத்த இரண்டு நாள் சவேரியார் படுக்கையில். பின்னாளில் கொயெல்லோ அந்தக் குரலை அப்படியே சொல்லிக்காட்டிக் கேலி செய்வாராம், சவேரியார் முகம் சிவந்து புன்னகைப்பாராம். பேய் அடித்ததா இல்லையா என்பது என் கவலையில்லை. பகலெல்லாம் சிரித்துப் பேசும் ஒருவர், யாரும் பார்க்காத நேரத்தில் தமக்குள் என்ன பாடுபட்டார் என்பதை அந்த வீட்டுக்காரர் சுவருக்கு அப்பாலிருந்து கேட்டிருக்கிறார். எனக்கு அது போதும். பேராலயத்தில் மயிலை மாதா என்று நாம் வணங்கும் பழைய மரச்சிலைமுன் அவர் செபித்தார் என்பது இங்குள்ள மரபு.

அந்தச் செபத்தில் என்ன கேட்டார்? மே 8 கடிதத்தில் இருக்கிறது. தென்கடல் தீவுகளுக்கு, மக்காசாருக்குப் போவதா வேண்டாமா என்ற கேள்வியோடு வந்தார். போவதென்று இங்கே முடிவு செய்தார். தெரியாத கடலைத் தாண்டி இந்தக் கரைக்கு வந்ததாகச் சொல்லப்படும் தோமையாரின் கல்லறைமுன் உட்கார்ந்து, தானும் தெரியாத கடலைத் தாண்ட முடிவெடுத்தார். ஆனால் முடிவெடுத்த உடனே புறப்பட முடியவில்லை. சோழமண்டலக் கரையிலிருந்து மலாக்காவுக்குப் போகும் கப்பல்கள் ஆகஸ்டு கடைசியில்தான் பாய் விரிக்கும். காற்று மாற வேண்டும். ஆகவே காத்திருந்தார். அந்தக் காத்திருப்பில்தான் ஜுவான் தெ ஈரோ அவரிடம் வந்து சேர்ந்தார்.

ஈரோவுக்கு அப்போது வயது 35. நெடுநாள் படைவீரராக இருந்து, பிறகு வியாபாரியாகிச் சொந்தக் கப்பலும் சரக்கும் வைத்திருந்தவர். கப்பல் சாந்தோம் கரையில் நின்றது. சவேரியாரோடு பேசினார், பாவசங்கீர்த்தனம் செய்தார், மனம் மாறியது. கப்பலையும் சரக்கையும் விற்று ஏழைகளுக்குக் கொடுத்துவிட்டு உங்களோடு வருகிறேன் என்றார். இந்த அளவுக்கு சவேரியாரே 1546 மே 10 அன்று அம்போனிலிருந்து எழுதிய கடிதத்தில் இருக்கிறது.

பழைய வரலாற்றாசிரியர்கள் சொல்லும் மீதிக் கதை கடிதத்தில் இல்லை. கொடுத்ததைக் கொடுத்த பிறகு ஈரோவுக்குப் பயம் வந்துவிட்டது. ஏழ்மை எப்படியிருக்கும் என்று அப்போதுதான் யோசித்திருப்பார். கையில் மிஞ்சிய பணத்தில் யாருக்கும் தெரியாமல் வேறொரு கப்பலை வாங்கி, சொல்லாமல் கிளம்பிவிட ஏற்பாடு செய்தார். கிளம்பும் நேரத்தில் ஒரு பையன் வந்து, பாதிரியார் உங்களை அழைக்கிறார் என்றான். வேறு யாரையாவதாக இருக்கும் என்று ஈரோ மழுப்பிப் பார்த்தார். உங்களைத்தான் என்றான் பையன். போய் நின்றதும் சவேரியார் கோபப்படவில்லை. பாவம் செய்துவிட்டீர் என்று மட்டும் சொன்னார். ஈரோ உடைந்து அழுதார். இரண்டாவது கப்பலையும் விற்றார். ஆகஸ்டு கடைசியில் காற்று மாறியபோது இருவரும் ஒன்றாக மலாக்காவுக்குக் கப்பலேறினார்கள்.

அத்தோடு முடிந்திருந்தால் அழகான பிரசங்கக் கதை ஆகியிருக்கும். மலாக்காவில் ஈரோ மறுபடியும் தவறினார். தன் குருவைக் கேட்காமல் போர்த்துக்கீசிய வியாபாரிகளிடம் காசு வாங்கினார். சவேரியார் அவரைத் துறைமுகத்துக்கு எதிரே இருந்த சிறு தீவுக்குத் தனியே அனுப்பித் தவம் செய்யச் சொன்னார். அங்கே ஈரோ ஒரு காட்சி கண்டாராம். அதைப் பற்றிச் சவேரியார் கேட்டபோது, ஒன்றும் காணவில்லை என்று மறைத்தார். கடைசியில் சவேரியார் அவரைத் தம் துணைவராக வைத்துக்கொள்ளவில்லை. பின்னாளில் ஈரோ பிரான்சிஸ்கன் சபையில் சேர்ந்தார் என்கிறார்கள்.

என் பள்ளிக்காலத்தில் அருள்சகோதரிகள் சவேரியாரைப் பற்றி நிறையச் சொன்னார்கள். நண்டு சிலுவையைத் தூக்கிவந்து கொடுத்தது, இறந்தவர் எழுந்தது எல்லாம் சொன்னார்கள். ஈரோவைச் சொன்னவர் ஒருவர்கூட இல்லை. சொல்லியிருக்க வேண்டும் என்று இன்றைக்கும் எனக்கு ஆதங்கம். சவேரியாரைப் போல ஆக முயன்று முடியாமல் போய், மறுபடி முயன்று, மறுபடி விழுந்த மனிதர் இதே கரையில் இருந்தார் என்பது எங்களுக்கு அல்லவா தெரிந்திருக்க வேண்டும்? புனிதரைப் பார்த்து வியப்பது எளிது. பத்தாண்டுக்கு ஒருமுறை கோவாவில் அவருடைய உடலைப் பொதுமக்கள் பார்வைக்கு வைக்கிறார்கள். 2024 நவம்பர் 21 முதல் 2025 ஜனவரி 5 வரை வைத்தபோது நானும் போனேன். சே பேராலயத்தில் மணிக்கணக்கில் வரிசையில் நின்று, கண்ணாடிப் பேழையைத் தொட்டு முத்தமிட்டு வந்தேன். அம்மாவுக்காகவும் ஒருமுறை தொட்டேன். அந்த வரிசையில் நின்ற எங்களில் யாரும் சவேரியார் ஆகப்போவதில்லை. ஈரோ ஆகலாம்.

சவேரியாரும் தவறித் திருந்தியவர்தான். அதற்குத் தமிழிலேயே சான்று இருக்கிறது. 'விசுவசிக்கிறேன்' என்று தொடங்க வேண்டிய செபத்தை அவருடைய மொழிபெயர்ப்பாளர்கள் 'வேணும்' என்று வைத்துவிட்டார்கள். அவரும் மணியடித்து ஊரெல்லாம் அதையே சொல்லிக்கொடுத்தார். நம்புகிறேன் என்று சொல்வதாக நினைத்துக்கொண்டு, வேணும் என்று பிள்ளைகள் பாடியிருக்கிறார்கள். தெரிந்ததும் 1544இல் மன்சிலாசுக்கு எழுதினார்: அந்தச் சொல்லுக்குப் பொருள் வேறாம், மாற்றிச் சொல்லிக்கொடுங்கள் என்று. வகுப்பில் இதைச் சொல்லும்போதெல்லாம் பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரிப்பார்கள். சிரித்து முடிந்ததும், ஊருக்கே கற்றுக்கொடுத்ததைத் தப்பென்று ஒப்புக்கொள்ள எவ்வளவு பணிவு வேண்டும் என்று கேட்பேன். மொழியை முறையாகக் கற்று அந்த வேலையைச் செம்மையாகச் செய்தவர் பின்னால் வந்த அன்ரிக்கே அடிகளார். 1578இல் கொல்லத்தில் அச்சான 'தம்பிரான் வணக்கம்' அவருடையது.

அம்மா அடிக்கடி சொன்ன இன்னொரு கதை தோணிகளைப் பற்றியது. 1544 ஜூனில் வடுகர் படை கன்னியாகுமரிக் கரையில் புகுந்தபோது அங்கிருந்த மக்கள் கடலுக்குள் இருந்த பாறைகளுக்கு ஓடினார்கள். அங்கே சோறும் தண்ணீரும் இல்லாமல் செத்துக்கொண்டிருந்தார்கள். செய்தி கேட்ட சவேரியார் மணப்பாட்டிலிருந்து 20 தோணிகளில் உணவோடும் தண்ணீரோடும் புறப்பட்டார். எட்டு நாள் போராடியும் காற்று விடவில்லை. தோணிகளை விட்டுவிட்டுக் கரைவழியே நடந்தே போனார். "காத்து விடலன்னா என்ன, காலு இருக்குல்லா" என்று அம்மா இந்த இடத்தில் எப்போதும் சொல்வாள்.

2004 டிசம்பர் 26 ஞாயிற்றுக்கிழமை காலை அந்தச் சொல் என் நினைவுக்கு வந்தது. சீனிவாசபுரம், நொச்சிக்குப்பம் பக்கமிருந்து சனங்கள் ஈரத்துணியோடு சாந்தோம் நெடுஞ்சாலைக்கு ஓடிவந்தார்கள். பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வந்தவள், பிள்ளையைத் தேடிக்கொண்டு வந்தவள், எதுவும் பேசாமல் நடந்து வந்த கிழவர். பேராலய வளாகத்திலும் பள்ளிகளிலும் இடம் கொடுத்தார்கள். எங்கள் தெருவில் யாரும் யாரையும் கூப்பிடவில்லை, எல்லா வீட்டிலும் உலை வைத்தோம். மத்தியானம் மாடவீதியிலிருந்து எனக்குத் தெரிந்த ஒரு மாமி இரண்டு அண்டா புளியோதரையை ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு வந்து இறங்கினார். ஆட்டோ காந்தி சிலைப் பக்கம் சுற்றிப் போக முடியாமல் நின்றுவிட்டதால் கடைசித் தூரத்துக்கு அண்டாவைக் கையால் தூக்கினோம். அம்மா இருந்திருந்தால் சந்தோஷப்பட்டிருப்பாள்.

அடுத்த ஆண்டு சீனிவாசபுரத்துப் பிள்ளைகளுக்கு மாலையில் பாடம் சொல்லிக்கொடுக்க ஆரம்பித்தேன். வாரத்தில் இரண்டு நாள், ஒரு வீட்டு மொட்டைமாடியில். நான் படித்தது வரலாறு. ஆனால் பத்தாம் வகுப்பில் அவர்கள் தோற்பது கணக்கில்தான் என்பதால், கணக்கைத் திரும்பப் படித்துச் சொல்லிக்கொடுத்தேன். அப்பன்மார் விடிகாலை பைபர் படகில் போய்விடுவார்கள். அம்மாக்கள் லூப் சாலையில் சங்கராவும் நெத்திலியும் விற்றுவிட்டு இருட்டிய பிறகுதான் வருவார்கள். அந்த நேரத்தில் பிள்ளைகளை உட்காரவைக்க ஓர் ஆள் தேவை, அவ்வளவுதான். சவேரியார் பிள்ளைகளைக் கூட்டிச் செபம் சொல்லிக்கொடுத்தார். நான் ஒரு நாளும் செபம் சொல்லிக்கொடுத்ததில்லை. கேட்காத வீட்டில் மதத்தைப் பேசுவது எனக்குச் சரியாகப் படவில்லை. அவரிடமிருந்து நான் எடுத்துக்கொண்டது மணியும் பிள்ளைகளும் மட்டும்.

ஆறாண்டு இப்படிப் போனது. ஒரு நாள் ஒருவர் மாடிப்படியில் நின்று, மதம் மாற்றத்தான் வருகிறாய் என்று எல்லார் முன்னாலும் கத்தினார். ஆறாண்டு வகுத்தலும் இயற்கணிதமும் சொல்லிக்கொடுத்தவளுக்கு அது எப்படி வலித்தது என்று எழுத இன்னும் என்னால் முடியவில்லை. மறுநாள் போகவில்லை. அந்த வாரம் போகவில்லை. அப்படியே ஏழு மாதம். வீட்டில் முழங்கால் வலி என்றேன். பங்கில் கேட்டவர்களுக்கு ஓய்வு வேண்டும் என்றேன். எனக்கென்று இரண்டாவது கப்பல் ஒன்றை வாங்கி வைத்துக்கொண்டேன் என்று இப்போது தெரிகிறது.

நவம்பர் மழை நாளொன்றில் வாசலில் ஒரு அம்மாள் வந்து நின்றார். மீன்கூடையைத் திண்ணையில் இறக்கிவைத்தார். முண்டகக்கண்ணியம்மன் கோயில் குங்குமம் நெற்றியில். அவர் பேத்தி என்னிடம் படித்தவள். "இன்னா டீச்சரம்மா, எவனோ ஒருத்தன் இன்னாவோ சொன்னான்னு எங்களெ வுட்டுட்டியே. அவன் எங்க ஆளே கெடையாது. புள்ளைங்க நோட்ட எத்துகினு மாடில வந்து குந்தினு கீதுங்க. வா" என்றார். வேறு யாரையாவது அனுப்பச் சொல்கிறேன் என்றேன். "வேற யாரும் வோணாம், உன்னத்தான் இட்டுனு வரச் சொல்லிச்சி" என்றார்.

உங்களைத்தான் என்று ஈரோவிடம் சொன்ன பையன் யாரென்று எந்தப் புத்தகத்திலும் பெயர் இல்லை. சாந்தோம் கரையில் ஓடித்திரிந்த பிள்ளை. கப்பலைக் கண்டுபிடித்து, மறைந்து நின்றவரிடம் போய், மழுப்பலைக் கேட்டும் நகராமல் நின்றிருக்கிறான். அன்று அந்த அம்மாவோடு குடைபிடித்து நடந்தபோது எனக்கு சவேரியாரைவிட அந்தப் பையன்தான் நெருக்கமாகத் தெரிந்தான்.

சவேரியார் 1552 டிசம்பர் 3 அன்று சீனக் கரையை அடுத்த சான்சியன் தீவில், போக நினைத்த நாட்டுக்குள் போக முடியாமல், காய்ச்சலில் இறந்தார். அவர் கழுத்தில் ஒரு சிறு செப்புப் பேழை இருந்தது. அதற்குள் அவர் எழுதிய வார்த்தைப்பாட்டுத் தாள், இயேசு சபையை நிறுவிய இஞ்ஞாசியாரின் கையெழுத்து, தோமையாரின் எலும்புத் துண்டு ஒன்று. மயிலாப்பூரைவிட்டுப் போய் ஏழாண்டு கழிந்தும் எங்கள் ஊரைக் கழுத்தில் கட்டிக்கொண்டு திரிந்திருக்கிறார். ஐரோப்பாவிலிருந்து வந்த கடிதங்களில் நண்பர்கள் தங்கள் கையால் எழுதிய பெயர்களை வெட்டியெடுத்துத் தம்மோடு வைத்திருப்பதாகவும் அவர் எழுதியிருக்கிறார். அதை எழுதியது, ஈரோவைப் பற்றிச் சொன்ன அதே 1546 மே 10 கடிதத்தில். ஒரு பக்கம் தாம் பின்பற்றுகிறவர்களின் பெயர்கள், இன்னொரு பக்கம் தம்மைப் பின்பற்ற வந்தவரின் பெயர். ஈரோ உங்கள் செபங்களைக் கேட்கிறார் என்று நண்பர்களுக்குச் சொல்கிறார் சவேரியார்.

எனக்கு இப்போது படியேற முடியவில்லை. வகுப்பைத் தரைத்தளத்துக்கு மாற்றியிருக்கிறோம். என்னிடம் படித்த பெண்கள் இருவர் வேலை முடிந்து வந்து ஆங்கிலமும் அறிவியலும் பார்த்துக்கொள்கிறார்கள். செவ்வாயும் வியாழனும் மாலை ஆறு மணி முதல் எட்டு மணி வரை. எட்டாம் வகுப்புக் கணக்குக்கு ஆள் இல்லை. மயிலாப்பூரிலோ அடையாற்றிலோ தியாகராய நகரிலோ இருக்கிறவர்கள், எந்தக் கோயிலுக்குப் போகிறவர்களானாலும் சரி, வாருங்கள். பட்டினப்பாக்கம் பேருந்து நிலையத்தில் இறங்கிக் கடலைப் பார்த்து நடந்து, கணக்கு டீச்சர் எங்கே என்று எந்தப் பிள்ளையைக் கேட்டாலும் கூட்டிக்கொண்டு வந்து விடும்.